நாற்பது வளைவுகளின் வள்ளலே, வருக!

விருந்தினரே, வருக. பொள்ளாச்சியில் காலை இட்லியை முடித்துக்கொண்டு, தென்னந்தோப்புகளுக்கு நடுவே வண்டியை ஓட்டி வந்திருப்பீர்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாற்றைத் தாண்டினால் மலை ஏறத் தொடங்கும். 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. வண்டியில் இருக்கும் குழந்தைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வருவார்கள். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வரும்.

மலைமேல் குடியிருக்கும் எங்களுக்கு உங்களை ஒருமுறை வாயாரப் புகழ வேண்டும் என்று வெகுநாள் ஆசை. வீடு தேடி வந்தவரைக் குறை சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. இல்லாததைச் சொல்லிப் புகழவும் தெரியாது. ஆகவே கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். வழியில் நீங்கள் நிற்கும் இடம் ஒவ்வொன்றிலும் கூடவே நின்று சொல்கிறேன்.

முதலில் ஆழியாறு அணை. மலைகள் சூழ்ந்து நிற்க, நடுவே நீர் விரிந்து கிடக்கும். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் ஓர் அங்கம் இது. மேலே சோலைக்காடுகள் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிற மழைநீர்தான் இங்கே வந்து தேங்கி, கீழே வயலுக்கும் தோப்புக்கும் போகிறது. பொள்ளாச்சிப் பக்கம் நீங்கள் குடித்த இளநீரிலும் இந்த மலையின் மழை இருக்கிறது. உண்ட வீட்டைத் தேடி வந்திருக்கிறீர்கள். அந்த நன்றியுணர்ச்சியை முதலில் பாராட்டுகிறேன்.

அங்கே வனத்துறையின் சோதனைச்சாவடி. பிளாஸ்டிக் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. இது புலிகள் காப்பகம் வேறு. உங்கள் அடக்கத்தை நான் கண்டது அந்த இடத்தில்தான். உள்ளதை இல்லை என்று சொல்லும் அடக்கம். இருக்கைக்கு அடியில், துண்டைப் போர்த்தி, தூங்குகிற பிள்ளையைக் காப்பதுபோல் அந்தப் பைகளைக் காத்துக்கொண்டு வருகிறீர்கள். அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்த பொருளைப் பத்தாவது வளைவில் கண்ணாடியை இறக்கி ஒரே நொடியில் துறந்துவிடுகிறீர்கள். பற்றை விடுவது துறவிகளுக்கே எளிதில் கைகூடாது. உங்களுக்குக் கைகூடியிருக்கிறது.

அடுத்தது கவியருவி. குரங்கு அருவி என்று ஊரார் நெடுநாள் சொல்லிவந்த இடம்தான். கவி என்றால் பாட்டுக் கட்டுகிறவர். குரங்குக்கும் கவி என்று பெயருண்டு. பெயர் வைத்தவர் தமிழ் அறிந்தவர். வைத்த பெயரின் இரு பொருளில் எதுவும் வீண்போகாமல் நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். அருவியின் ஓசையையும் அடக்கும்படி பாடுகிறீர்கள். வழுக்கும் பாறை என்று எழுதியிருந்தாலும் பாறைக்குப் பாறை தாவுகிறீர்கள். மரத்தில் இருக்கும் கவிகள் தாங்கள் தாவுவதை விட்டுவிட்டுக் கீழே பார்த்தபடி உட்கார்ந்திருக்கின்றன.

அவை உங்களையே பார்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. உங்கள் கொடை. இந்த மலைகளோடு ஒட்டிக் கிழக்கே நீள்வது பழனி மலை. பழைய பெயர் பொதினி. அங்கே இருந்த பேகன் என்ற வள்ளல் மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். அது ஒரு மயில், ஒரு போர்வை. அதற்கே கடையெழு வள்ளல்களில் ஒருவனாக வைத்து இன்றும் பேசுகிறோம். நீங்களோ ஒரு விடுமுறை நாளில் ஒரு கூட்டத்துக்கே படியளந்துவிடுகிறீர்கள். உருளைக்கிழங்கு வறுவல், கிரீம் பிஸ்கட், முறுக்கு, பாதி குடித்த குளிர்பானம். எதை எறியலாம், எதை எறியக்கூடாது என்ற கணக்கே உங்கள் கையில் கிடையாது.

கொடையோடு கல்வியும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். நீங்கள் வருமுன் இந்த நாட்டுக்குரங்குக்கு என்ன தெரியும்? எந்த மரத்தில் அத்தி பழுத்திருக்கிறது, எந்தக் கொடியில் தளிர் விட்டிருக்கிறது, எந்தப் பட்டைக்கு அடியில் பூச்சி இருக்கிறது. காலை முதல் மாலை வரை தேடினால்தான் வயிறு நிறையும். தின்ற பழத்தின் விதையைக் காடெங்கும் போட்டுவிட்டுப் போகும். நீங்கள் அதற்குப் புதுப் பாடம் சொல்லிக் கொடுத்தீர்கள். கார்க் கதவு எப்போது திறக்கும், எந்தப் பையில் தின்பண்டம் இருக்கும், எந்தக் கையிலிருந்து பறிப்பது எளிது என்பதெல்லாம் இன்று குட்டிக்கும் தெரியும். தாய்க்குரங்கு குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு தார்ச்சாலையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கொடுத்தவர் அடுத்த வளைவு ஏறிப் போய்விடுவார். வாங்கிப் பழகிய கை சாலையிலேயே நீண்டிருக்கும். அடுத்த வண்டி நிற்காமல் வந்தால் அந்தக் கை என்ன ஆகும் என்பதைக் காலையில் வேலைக்குப் போகும் நாங்கள் பார்க்கிறோம். குரங்கு கடித்தது, தொல்லை தாங்கவில்லை, பிடித்துக்கொண்டு போங்கள் என்று புகார் எழுதுவதற்கும் நீங்கள்தான் முதலில் வருகிறீர்கள். மாணவன் கெட்டுப்போனால் ஆசிரியரே தண்டனை கேட்கிற இந்தக் கண்டிப்பு எந்தப் பள்ளியிலும் இல்லை.

ஒன்பதாவது வளைவுக்கு வந்துவிட்டோம். லோம்ஸ் காட்சிமுனை. இறங்குங்கள். இங்கிருந்து பார்த்தால் ஆழியாறு அணை ஒரு கைக்கண்ணாடி அளவில் கீழே மின்னும். ஏறிவந்த வளைவுகள் கட்டவிழ்ந்த நூல்போல் கிடக்கும். இந்த இடத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் உண்டு. வரையாடு. வரை என்றால் மலை. சங்கப் பாட்டுகளில் வருடை என்று வருவது இதுதான். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. உலகத்தில் தமிழ்நாட்டு, கேரள மேற்கு மலைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. சிறுத்தை துரத்தினால் செங்குத்துப் பாறையில் ஏறித் தப்பிக்கும். அதன் குளம்புக்கு அந்தப் பிடிப்பு உண்டு.

அந்தச் சிறுத்தையாலும் முடியாத காரியத்தை நீங்கள் முடித்தீர்கள். ஓடாமல் அதன் பக்கத்திலேயே போய் நின்றுவிட்டீர்கள். ஒரே படத்தில் அதன் கொம்பும் உங்கள் புன்னகையும். அச்சம்தான் அந்த ஆட்டுக்குக் கவசம். அதைக் கழற்றி வாங்கிவிட்டீர்கள். இனி அது உப்புக்கும் பிஸ்கட்டுக்கும் தடுப்புச் சுவர் வரை வந்து நிற்கும். வேட்டைக்காரன் வந்தாலும் அப்படியே நிற்கும். இவர் வேறு, அவர் வேறு என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

அந்தத் தடுப்புச் சுவரிலும் பாறையிலும் உங்கள் எழுத்தைப் படித்தேன். அந்நாளில் அரசர்கள் கல்லில் எழுதினால், கோயில் விளக்கு எரிய இத்தனை ஆடு விட்டோம் என்று நீட்டி எழுதுவார்கள். சாவா மூவாப் பேராடு என்று அந்த ஆடுகளுக்குப் பெயர். எண்ணிக்கை ஒருநாளும் குறையாமல் காக்கவேண்டிய மந்தை என்று பொருள். உங்கள் கல்வெட்டில் அப்படி நீட்டல் ஒன்றும் இல்லை. உங்கள் பெயர், பக்கத்தில் இன்னொரு பெயர், நடுவே ஓர் இதயம். யாருக்கு என்ன கொடுத்தோம், எந்த ஆட்டை யாருக்காகக் காத்தோம் என்று ஒரு வரியும் இல்லை. கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதாத அந்த நேர்மையை மெச்சுகிறேன்.

மறுபடி வண்டியில் ஏறுவோம். குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஏறும் வண்டி நின்றால் மறுபடி இழுப்பது கடினம் என்பதுதான் காரணம். ஊர் திரும்பும் அவசரத்தில் இறங்கும்போது ஏதோ ஒரு வளைவில் எங்கள் அரசுப் பேருந்தை மூக்கோடு மூக்காக நிறுத்திவிட்டீர்கள். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, “வண்டியக் கொஞ்சம் பின்னால எடுங்க தம்பி, ஏறுற வண்டிக்குத்தானே வழி விடோணும்” என்று சொன்னார். நீங்கள் பாட்டின் ஓசையைக் குறைக்கவில்லை. கடைசியில் அறுபது பேர் ஏறிய பேருந்தை அவர்தான் பின்னால் எடுத்தார். பின்சக்கரம் விளிம்புக்கு வந்தபோது, சாமியே கும்பிடாத பெரியவர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு வளைவில் அவ்வளவு பேருக்கும் பக்தி உண்டாக்கினீர்கள்.

மாலையானால் உங்கள் வண்டி காட்டோரம் ஒதுங்கும். காலிப் பாட்டில் பள்ளத்தில் விழுந்து நொறுங்கும் ஓசை எங்கள் வீடு வரை கேட்கும். கண்ணாடி மக்காது. நீங்கள் போனபின், உங்கள் பிள்ளைகள் போனபின், அவர்கள் பிள்ளைகளும் போனபின் அது அங்கே இருக்கும். நினைவுச்சின்னம் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும். யானையின் பாதம் பார்க்கத் தூண்போல் இருந்தாலும் அடியில் மெத்தென்றிருக்கும். ஓசையில்லாமல் நடக்கத் தோதாக அமைந்தது. அதற்குள் உடைந்த பாட்டில் ஏறினால் புண் சீழ்பிடிக்கும். நடந்தே தின்று, நடந்தே வாழ்கிற உயிர் நடக்கமுடியாமல் போகும். இதே காரணத்துக்காகத்தான் நீதிமன்றம் தலையிட, 2022 மே மாதம் நீலகிரியில் காலி மதுப்பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று திட்டம் கொண்டுவந்தார்கள். யானையின் காலுக்காகச் செய்யாததைப் பத்து ரூபாய்க்காகச் செய்வீர்கள் என்று அரசு உங்கள்மேல் நம்பிக்கை வைத்தது. அரசின் நம்பிக்கைக்கு உரியவர் நீங்கள்.

அட்டகட்டி தாண்டி, கவர்க்கல் பனிமூட்டத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் தேயிலை. மலைக்குமேல் மலையாக, சீப்பால் வாரிவிட்டதுபோல் வரிவரியாகத் தேயிலை. நீங்கள் வண்டியை நிறுத்தி, “ஐயோ, இயற்கை!” என்று வியக்கிறீர்கள். உங்கள் வியப்பு பெரிது. இருந்த காட்டை வெட்டிச் சாய்த்துவிட்டு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் தொடங்கி நட்ட பயிரையே இயற்கையாகக் காண்கிற பரந்த மனம் உங்களுடையது. அந்தக் காட்டை வெட்டவும் செடியை நடவும் சமவெளியிலிருந்து ஆசை காட்டிக் கூட்டிவரப்பட்டவர்கள் எங்கள் பாட்டன் பாட்டிகள். மலேரியாவிலும் குளிரிலும் கங்காணியின் பிரம்படியிலும் விழுந்தவர்களுக்கு நடுகல்கூட இல்லை. தோட்ட மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் அதை ஒரு நாவலாக எழுதினார். 1969இல் ஆங்கிலத்தில் வந்தது. இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்தார். இந்தச் சாலையில் நின்று பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலில் அந்தக் கதை இல்லை. அதனால் உங்கள் பயணத்தில் துயரம் ஒரு துளியும் கலக்கவில்லை.

இன்றும் அந்தப் பேத்திகள் மழையில் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போர்த்தி, காலில் அட்டை கடிக்கக் கடிக்கக் கொழுந்து பறிக்கிறார்கள். படம் எடுக்கும்போது, “அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃபிரேம்ல வர்றீங்க” என்கிறீர்கள். அக்கா என்று வாய் நிறைய அழைக்கிறீர்கள். அந்தப் பண்பு எல்லாருக்கும் வராது. அவரும் நகர்ந்துகொள்கிறார். நீங்கள் செடிக்குள் இறங்கி நின்று படம் எடுத்து முடித்ததும், ஒடிந்த கிளைகளை ஒதுக்கிவிட்டு அவர் விட்ட இடத்திலிருந்து மறுபடி பறிக்கிறார். பறித்த எடைக்குத்தான் அன்றைய கணக்கு.

வால்பாறை ஊரை ஒட்டிப் புதுத்தோட்டம். தேயிலைக்கு நடுவே மிஞ்சிய ஒரு துண்டுக் காடு. அங்கே இருப்பது சோலைமந்தி. முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, சிங்கத்தின் வால்போல் நுனியில் குஞ்சம். சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். மேற்கு மலைத்தொடருக்கு மட்டுமே உரியது. தரையே தொடாமல் மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருந்த உயிர். காடு துண்டானதால் சாலையைக் கடக்க இறங்கவேண்டியதாயிற்று. வண்டியில் அடிபட்டுச் செத்தன. அதற்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவைத்திருக்கிறார்கள். அவை அந்தப் பாலத்தில் நடக்கப் பழகிக்கொண்டன. குரங்கு கடக்கும்போது வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லக் காவலர்களும் சாலையோரம் நிற்கிறார்கள். இவ்வளவு ஏற்பாட்டுக்கும் நடுவே நீங்கள் கீழே நின்று ஒரு வாழைப்பழத்தை நீட்டுகிறீர்கள். கம்பியும் கயிறும் கட்டி ஆண்டுக்கணக்கில் மேலே ஏற்றிவிட்டதை ஒற்றைப் பழத்தால் கீழே இறக்கிவிடுகிறீர்கள். அவ்வளவு வலிமை உங்கள் கைக்கு.

பிறகு கூழாங்கல் ஆறு. தெளிந்த நீர், அடியில் உருண்ட கற்கள், முழங்கால் ஆழம்போல் தெரியும். இந்த மலையில் சின்னக்கல்லாறு என்றோர் இடம் உண்டு. தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மேலே எங்கோ பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போதே வெள்ளமாக வரும். எந்த இடத்தில் குழி, எங்கே சுழல் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்கள் இறங்கமாட்டார்கள். அபாயம் என்ற பலகையில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நீங்கள் இறங்குகிறீர்கள். உங்கள் துணிச்சலைப் புகழத்தான் நினைக்கிறேன். இந்த ஆறுகளிலிருந்து இளம்பிள்ளைகளைத் தூக்கிவந்து கரையில் கிடத்தியதைப் பார்த்த கண்ணுக்கு அது முடியவில்லை.

ஒரே ஓர் உயிர்தான் உங்கள் கொடைக்குத் தப்பியிருக்கிறது. இருவாச்சி. மஞ்சள் அலகின்மேல் இன்னோர் அலகு வைத்ததுபோல் கொண்டை. பறந்தால் சிறகோசை நீராவி எஞ்சின்போல் கேட்கும். பெரிய மரப்பொந்துக்குள் பெட்டை நுழைந்து, வாசலைத் தானே அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விடும். உள்ளே முட்டையிட்டு அடைகாக்கும். அந்தக் காலமெல்லாம் சேவல்தான் அத்திப்பழம் கொண்டுவந்து அந்தப் பிளவின் வழியே ஒவ்வொன்றாக ஊட்டும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நீங்கள் வண்டியை நிறுத்திப் பாட்டு வைக்கும் இடத்துக்கு மேலேயே அது பழத்தோடு பறந்துபோகும். நீங்கள் ஒருநாளும் தலைநிமிர்ந்து பார்த்ததில்லை. பார்க்காததால் அதைக் கூப்பிடவில்லை, எறியவில்லை, பக்கத்தில் நின்று படம் எடுக்கவில்லை. நீங்கள் செய்தவற்றிலேயே மிகப் பெரிய நன்மை அதுதான்.

புகழ வேண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நின்று பார்க்க ஊருக்கு ஊர் காட்சிமுனைகளைக் காட்டிவிட்டு, கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் வைக்க மறந்தவர்கள். காட்டுக்குள் அமைதி என்று விளம்பரம் செய்து, இரவு முழுக்க ஒலிபெருக்கி வைக்க இடம் தருகிறவர்கள். விடுமுறைக்கு எத்தனை வண்டி ஏறினாலும் இந்த மலை தாங்கும் என்று நம்புகிறவர்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது, அங்கே மலை இனித் தாங்காது என்று தெரிந்த பிறகுதான். அவர்களுக்கும் எங்கள் புகழில் பங்கு உண்டு. ஆனால் கண்ணாடியை இறக்கி எறிகிற கை உங்களுடையது. பழத்தை நீட்டுகிற கையும் உங்களுடையதுதான்.

விருந்தினரே, புகழ்ந்தது போதும். இனி நேராகவே சொல்கிறேன். எங்களுக்கு நீங்கள் வேண்டும். உங்களால் இங்கே தேநீர்க்கடைகள் நடக்கின்றன, பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்த மலையைப் பார்க்காமல் அதன்மேல் யாருக்கும் அன்பு வராது என்பதும் எங்களுக்குத் தெரியும். வாருங்கள். சோதனைச்சாவடியில் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோங்கள். எந்த விலங்குக்கும் எதுவும் கொடுக்காதீர்கள். ஏறும் வண்டிக்கு வழிவிடுங்கள். இறங்காதே என்று எழுதிய ஆற்றில் இறங்காதீர்கள். தேயிலைக்கு நடுவே நிற்கும் அக்காவை நகரச் சொல்லாதீர்கள். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு ஓரமாக நீங்கள் நில்லுங்கள்.

ஏதாவது ஒரு வளைவில் பாட்டை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். தலைக்கு மேலே சிறகோசை கேட்டால் அது சேவல் இருவாச்சி. எங்கோ ஒரு பொந்துக்குள் அதன் பெட்டையும் குஞ்சும் அந்தப் பழத்துக்காகக் காத்திருக்கின்றன. அதற்கு வழிவிடுங்கள்.